முகம் வீங்கினால் சிறுநீரைப் பாருங்கள்

காலையில் வீங்கும் முகம்

பிள்ளை தூங்கி எழுகிறது. கண்ணைச் சுற்றி வீங்கி இருக்கிறது. இமை கனத்துத் தொங்குகிறது. "ராத்திரி பூச்சி கடித்திருக்கும்" என்கிறார் பாட்டி. "தூக்கம் போதவில்லை" என்கிறார் அப்பா. மத்தியானத்திற்குள் முக வீக்கம் குறைந்துவிடுகிறது. வீட்டில் எல்லாரும் அதை மறந்துவிடுகிறார்கள்.

மறுநாள் காலையில் மறுபடியும் வீக்கம். சாயங்காலம் பார்த்தால் கால் வீங்கி இருக்கிறது. கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. குழி உடனே மறைவதில்லை. சில நாளில் வயிறும் பெருக்கிறது. நிக்கர் இடுப்பில் இறுகுகிறது. ஆண் பிள்ளையானால் விதைப் பையும் வீங்கலாம். எடை போட்டுப் பார்த்தால் இரண்டு மூன்று கிலோ கூடி இருக்கிறது. "பிள்ளை தேறிவிட்டான்" என்று அக்கம் பக்கத்தார் சொல்கிறார்கள்.

பிள்ளை தேறவில்லை. உடம்பில் நீர் தேங்கி இருக்கிறது. கூடின எடை சதையின் எடை இல்லை, தண்ணீரின் எடை.

இந்த நேரத்தில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. அது பிள்ளையின் சிறுநீர். சிறுநீர் குறைவாகப் போகிறதா? சோப்பு நுரைபோல நுரைக்கிறதா? அந்த நுரை கலையாமல் நிற்கிறதா? அப்படியானால் நாள் கடத்தக் கூடாது. இது 'நெப்ரோட்டிக் சிண்ட்ரோம்' என்ற சிறுநீரக நோயாக இருக்கலாம்.

பெயர் பெரியதாக இருக்கிறது. பயப்பட வேண்டாம். 'நெப்ரோஸ்' என்றால் கிரேக்க மொழியில் சிறுநீரகம். 'சிண்ட்ரோம்' என்றால் சேர்ந்து வரும் பல அறிகுறிகள். சிறுநீரகக் கோளாறால் சேர்ந்து வரும் அறிகுறிகள் என்பதுதான் இதன் பொருள்.

பெரும்பாலும் இரண்டு வயது முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு இது வருகிறது. சிறு வயதில் பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு அதிகம். ஐரோப்பியக் குழந்தைகளைவிட இந்தியா, இலங்கை போன்ற நாடுகளின் குழந்தைகளுக்கு அதிகமாக வருகிறது.

சிறுநீரகம் என்ன செய்கிறது?

நம் முதுகுப் பக்கம், விலா எலும்புக்குச் சற்றுக் கீழே, இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. அவரை விதை வடிவம். பெரியவர்களுக்கு ஒரு கைப்பிடி அளவு. அதன் வேலை இரத்தத்தைச் சுத்தம் செய்வது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஒவ்வொரு வடிகட்டியும் மெல்லிய இரத்தக் குழாய்கள் சுருண்ட ஒரு நூல் பந்து போன்றது.

ஒரு பெரிய ஆளின் உடம்பில் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர் இந்த வடிகட்டிகள் வழியே இறங்குகிறது. 15 லிட்டர் குடத்தால் அளந்தால் 12 குடம். ஆனால் நாம் 12 குடம் சிறுநீர் கழிப்பதில்லை. ஒன்று அல்லது ஒன்றரை லிட்டர்தான் கழிக்கிறோம். மற்ற நீரை எல்லாம் சிறுநீரகம் மறுபடியும் உடம்புக்குள் இழுத்துக்கொள்கிறது. கழிவை மட்டும் வெளியே தள்ளுகிறது.

டீ வடிகட்டியை எண்ணிப் பாருங்கள். டீ கீழே இறங்குகிறது. தூள் மேலே நிற்கிறது. சிறுநீரக வடிகட்டியும் அப்படித்தான். நீரும் உப்பும் கழிவும் இறங்கும். இரத்தத்தில் உள்ள புரதம் இறங்காது. மேலேயே நிற்கும். புரதம் நமக்கு வேண்டிய பொருள். அதைக் கழிவோடு போக விடக் கூடாது.

இந்த வடிகட்டிக்கு மூன்று அடுக்கு உண்டு. முதல் அடுக்கு, துளைகள் உள்ள இரத்தக் குழாயின் சுவர். இரண்டாவது, ஒரு மெல்லிய சவ்வு. மூன்றாவது அடுக்கில் சில செல்கள் வெளிப்பக்கமாக ஒட்டிக்கொண்டு இருக்கும். அவற்றுக்குப் பாதம் போன்ற விரல்கள் உண்டு. இரண்டு கை விரல்களைக் கோத்துப் பிடித்தால் எப்படி இருக்கும்? அப்படி அந்த விரல்கள் ஒன்றுக்குள் ஒன்று கோத்து நிற்கும். விரல்களுக்கு நடுவே மெல்லிய வலை போன்ற தடுப்பு இருக்கும். அந்த வலைதான் புரதம் ஒழுகாமல் காக்கிறது.

நெப்ரோட்டிக் நோயில் கெட்டுப்போவது இந்த மூன்றாவது அடுக்கு. கோத்த விரல்கள் விலகித் தட்டையாகிவிடுகின்றன. வலை பழுதாகிறது. புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. சிறுநீர் நுரைப்பது அதனால்தான். முட்டையின் வெள்ளைக் கருவைத் தண்ணீரில் அடித்தால் நுரை வருமல்லவா? அதிலும் புரதம்தான் இருக்கிறது.

புரதம் போனால் வீக்கம் ஏன்?

இரத்தத்தில் பல புரதங்கள் உண்டு. அவற்றில் முக்கியமானது ஆல்புமின். இது தண்ணீரை இரத்தக் குழாய்க்குள் பிடித்து வைக்கும். சாதாரணமாக 100 மில்லி இரத்த நீரில் மூன்றரை கிராமுக்கு மேல் ஆல்புமின் இருக்க வேண்டும். இந்த நோயில் அது மூன்று கிராமுக்கும் கீழே இறங்குகிறது. சில பிள்ளைகளுக்கு ஒன்றரை, இரண்டு கிராம் அளவுக்குப் போய்விடுகிறது.

ஆல்புமின் குறைந்தால் தண்ணீரைப் பிடித்து வைக்க ஆளில்லை. தண்ணீர் குழாயை விட்டுக் கசிந்து தோலுக்கு அடியில் சேர்கிறது. அதோடு இன்னொன்றும் நடக்கிறது. கெட்டுப்போன சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் உள்ளே வைத்துக்கொள்கிறது. உப்பு இருக்கும் இடத்தில் தண்ணீரும் நிற்கும். இந்த இரண்டும் சேர்ந்துதான் வீக்கம்.

படுத்திருக்கும்போது நீர் முகத்தில் சேரும். கண்ணைச் சுற்றித் தோல் மெல்லியது. அதனால் காலையில் கண் வீங்குகிறது. நடமாடும்போது நீர் கீழே இறங்கும். அதனால் சாயங்காலம் கால் வீங்குகிறது. காலையில் முக வீக்கம் வற்றியதால் நோய் போய்விட்டது என்று எண்ணக் கூடாது. நீர் இடம் மாறி இருக்கிறது. அவ்வளவுதான்.

சிறுநீரில் ஆல்புமின் மட்டும் போவதில்லை. நோய்க்கிருமியை எதிர்க்கும் புரதமும் போகிறது. அதனால் பிள்ளைக்குத் தொற்று எளிதில் வருகிறது. வயிற்றில் தேங்கிய நீரில் கிருமி புகுந்தால் உயிருக்கே ஆபத்து. இரத்தம் உறையாமல் காக்கும் புரதமும் போகிறது. அதனால் குழாய்க்குள் இரத்தம் கட்டிக்கொள்ளலாம்.

போன புரதத்தை ஈடுகட்ட ஈரல் வேகமாக வேலை செய்கிறது. அப்போது கொழுப்பையும் அதிகமாகச் செய்துவிடுகிறது. அதனால் இரத்தப் பரிசோதனையில் கொலஸ்ட்ரால் கூடுதலாகத் தெரியும். பிள்ளை எண்ணெய்ப் பலகாரம் தின்றதால் வந்தது அல்ல அது.

வடிகட்டி ஏன் பழுதாகிறது?

எல்லாத் தாய்மாரும் கேட்கும் கேள்வி இது. "நான் என்ன தப்புச் செய்தேன்?" என்றும் சேர்த்துக் கேட்பார்கள். தாய் ஒரு தப்பும் செய்யவில்லை. உணவாலோ, குளிர்ந்த நீரில் குளித்ததாலோ, கண் பட்டதாலோ இது வருவதில்லை. இது ஒருவரிடம் இருந்து மற்றவருக்கு ஒட்டுவதும் இல்லை. கூடப் பிறந்த பிள்ளைகள் சேர்ந்து விளையாடலாம், சேர்ந்து சாப்பிடலாம்.

நம் உடம்பில் நோயை எதிர்க்க ஒரு காவல் படை உண்டு. சில பிள்ளைகளுக்கு அந்தக் காவல் படை தவறுதலாக நம் உடம்பையே தாக்குகிறது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நோய் வருவது இந்த வழியில்தான். சளி, காய்ச்சல் வந்த பிறகு நோய் தொடங்குவதும் திரும்புவதும் இதனால்தான். கிருமியோடு சண்டைக்குக் கிளம்பிய படை, வழி தவறிச் சிறுநீரகத்தின் மேல் பாய்கிறது.

வடிகட்டியின் வலையில் 'நெப்ரின்' என்று ஒரு புரதம் உண்டு. 1998இல் இதைக் கண்டுபிடித்தார்கள். 2024இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்கள் தலைமையில் ஒரு ஆய்வு வெளிவந்தது. நோய் முற்றி இருந்து, மருந்து இன்னும் தொடங்காத குழந்தைகளின் இரத்தத்தைச் சோதித்தார்கள். நூற்றுக்குச் சுமார் 90 பேரிடம், நெப்ரினைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருந்தது. காவல் படை எதைத் தாக்குகிறது என்பது அதனால் தெளிவாகி வருகிறது.

வேறு காரணங்களும் உண்டு. அவை குறைவு.

சில குழந்தைகள் பிறக்கும்போதே வலை சரியாக அமையாமல் பிறக்கின்றன. இவர்களுக்குப் பிறந்த மூன்று மாதத்துக்குள் வீக்கம் வந்துவிடும். பின்லாந்து நாட்டில் இந்த வகை அதிகம். தாய், தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் குறை பிள்ளைக்கு வந்து சேர்வதால் இது வருகிறது. நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் செய்தால் இப்படி நேரும் வாய்ப்பு கூடுகிறது.

சில தொற்று நோய்களாலும் வரலாம். மஞ்சள் காமாலை பி வைரஸ் அதில் ஒன்று. தென்னாப்பிரிக்காவில் 1995இல் குழந்தைகளுக்கு அந்தத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். அதன் பிறகு இந்த வைரஸால் வரும் சிறுநீரக நோய் அங்கே குழந்தைகளிடம் குறைந்தது. நம் ஊரிலும் பிறந்த உடனே இந்த ஊசி போடுகிறார்கள். தவற விடாதீர்கள்.

பாதரசமும் ஒரு காரணம். 2023இல் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். சிறுநீரில் புரதம் ஒழுகி வந்தவர்களில் பலர் முகத்தை வெளுப்பாக்கும் கிரீம் பூசி இருந்தார்கள். வளரும் பெண் பிள்ளையும் அவர்களில் உண்டு. அந்த கிரீம்களில் பாதரசம் இருந்தது. அதே ஆண்டில் கேரள அரசு 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்திப் பல கிரீம்களைப் பறிமுதல் செய்தது. பாதரசம் கலந்த சில நாட்டு மருந்துகளாலும் இதே கோளாறு வருவதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2022இல் எழுதினார்கள். செய்தவர் பெயரும், சேர்ந்த பொருள்களின் பெயரும் அச்சிடாத டப்பாவை வாங்காதீர்கள். எழுத்துத் தெரிந்த நாம் அட்டையைப் படித்துத்தான் வாங்க வேண்டும்.

இன்னொரு நோயும் இதைப் போலத் தோன்றும். சொறி சிரங்கு அல்லது தொண்டைப் புண் வந்து சில வாரத்தில் முகம் வீங்கும். சிறுநீர் கட்டன் சாயாவின் நிறத்தில் போகும். இரத்த அழுத்தம் கூடும். இது வேறு நோய். இதற்கும் உடனே மருத்துவமனை போக வேண்டும். எந்த நோய் என்று டாக்டர்தான் சொல்ல முடியும்.

கரண்டியும் மெழுகுவர்த்தியும்

வீக்கத்துக்கும் சிறுநீரகத்துக்கும் தொடர்பு உண்டு என்பது முற்காலத்தில் தெளிவாகத் தெரியாது. லண்டன் நகரில் கைஸ் மருத்துவமனையில் ரிச்சர்ட் பிரைட் என்ற டாக்டர் இருந்தார். வீக்கம் உள்ளவர்களின் சிறுநீரை ஒரு கரண்டியில் எடுத்து, மெழுகுவர்த்தித் தீயில் காட்டினார். சிறுநீர் வெள்ளையாகத் திரிந்தது. முட்டை வெந்தால் வெள்ளை ஆவதுபோல, புரதம் சூட்டில் வெந்து திரிகிறது. இறந்தவர்களின் சிறுநீரகங்களையும் அவர் பார்த்தார். மூன்றுக்கும் உள்ள தொடர்பை 1827இல் எழுதினார்.

அந்தக் காலத்தில் காரணம் தெரிந்தும் மருந்து இல்லை. இந்த நோய் வந்த குழந்தைகளில் பலர் தொற்றினால் இறந்துபோனார்கள். 1940களில் பென்சிலின் வந்தது. 1950களில் ஸ்டீராய்டு மருந்து வந்தது. அதன் பிறகு நிலைமை மாறியது. இன்று சரியாக மருந்து சாப்பிடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைத்து, பள்ளிக்குப் போய், பெரியவர்களாகி வேலைக்கும் போகிறார்கள்.

எங்கே போவது?

முதலில் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். சிறுநீர்ப் பரிசோதனை அங்கேயே செய்யலாம். புரதம் இருந்தால் அவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள்.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951இல் தொடங்கியது. அந்த வளாகத்திலேயே எஸ்.ஏ.டி. ஆஸ்பத்திரி இருக்கிறது. தாய்மாருக்கும் குழந்தைகளுக்கும் ஆன அரசு மருத்துவமனை இது. முழுப் பெயர் ஸ்ரீ அவிட்டம் திருநாள் மருத்துவமனை. சிறு வயதில் இறந்துபோன ஒரு திருவிதாங்கூர் இளவரசரின் நினைவாக வைத்த பெயர். சாலைக் கடைத்தெருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களும், பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்துக் குடும்பங்களும் பிள்ளைகளை இங்கே கொண்டு வருவது வழக்கம். மலையாளம் தெரியவில்லை என்று தயங்க வேண்டாம். தமிழ் புரிந்தவர்கள் அங்கே பலர் இருப்பார்கள். அரசின் இலவச சிகிச்சைத் திட்டம் எது உங்களுக்குக் கிடைக்கும் என்று அங்கேயே கேளுங்கள். ரேஷன் கார்டையும் பழைய சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

மருந்தை நிறுத்தாதீர்கள்

இந்த நோய்க்கு முதல் மருந்து பிரட்னிசோலோன். இது ஸ்டீராய்டு வகை. வழி தவறிய காவல் படையை இது அடக்குகிறது. இந்தியக் குழந்தைகள் சிறுநீரக மருத்துவர்கள் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, முதல் முறை நோய் வந்தால் ஆறு வாரம் தினமும் மாத்திரை. அடுத்த ஆறு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், குறைந்த அளவில். மொத்தம் 12 வாரம். எவ்வளவு மாத்திரை என்பதைப் பிள்ளையின் எடை பார்த்து டாக்டர் சொல்வார்.

நூறு பிள்ளைகளில் 80 பேருக்கு மேல் இந்த மருந்து கேட்கும். பெரும்பாலும் இரண்டு வாரத்தில் சிறுநீரில் புரதம் நின்றுவிடும். வீக்கமும் வற்றும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். "வீக்கம் போய்விட்டது, மருந்து எதற்கு?" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

அது ஆபத்து. நம் உடம்பே தினமும் கொஞ்சம் ஸ்டீராய்டு சுரக்கிறது. வெளியில் இருந்து மாத்திரை வரும்போது உடம்பு தன் வேலையை நிறுத்திவிடுகிறது. திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் உடம்பிலும் இல்லை, வெளியிலும் இல்லை. பிள்ளை சோர்ந்து மயங்கி விழலாம். நோயும் திரும்பும். டாக்டர் சொன்ன கணக்கில்தான் குறைக்க வேண்டும்.

ஒரு தாயும் நர்ஸும் பேசிக்கொள்வதைப் படியுங்கள்.

தாய்: சிஸ்டர், மருந்து தொடங்கி மூணு வாரம் ஆச்சு. பிள்ளைக்கு முகம் உருண்டை ஆயிட்டுது. வீக்கம் திரும்பிட்டுதா?

நர்ஸ்: கையைக் காட்டும்மா. கால்ல குழி விழல்ல. சிறுநீரும் நல்லா இருக்கு. இது வீக்கம் இல்ல. மாத்திரையால வர்ற உருண்டை முகம். மருந்து குறையும்போது தானே வத்தும்.

தாய்: எப்பவும் பசி பசிங்கிறான் சிஸ்டர். கோபமும் ஜாஸ்தி.

நர்ஸ்: அதுவும் மருந்தாலதான். அடிக்காதீங்க. சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை குடுங்க. வெறும் வயித்துல குடுக்காதீங்க.

தாய்: மாமியார் வேற மருந்து வாங்கிக் குடுக்கச் சொல்றாங்க. இங்கிலீஷ் மருந்து சூடாம்.

நர்ஸ்: மாமியாரையும் அடுத்த தடவை கூட்டிட்டு வாங்க. அவங்களுக்கும் பேரன்மேல பாசம்தானே. டாக்டரே சொல்லட்டும். அதுவரைக்கும் மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க.

தாய்: ஆகட்டும் சிஸ்டர்.

மருந்து தொடரும்போது டாக்டர் இரத்த அழுத்தம், உயரம், எடை, கண் ஆகியவற்றைப் பார்ப்பார். அதற்காகத்தான் திரும்பத் திரும்ப வரச் சொல்கிறார்.

சில பிள்ளைகளுக்கு ஸ்டீராய்டு கேட்காது. அவர்களுக்குச் சிறுநீரகத்தில் ஊசியால் மிகச் சிறு துண்டு எடுத்துச் சோதிப்பார்கள். வேறு மருந்து கொடுப்பார்கள். நோய் அடிக்கடி திரும்பும் பிள்ளைகளுக்கும் வேறு மருந்துகள் உண்டு. அவற்றில் ஒன்று லெவாமிசோல். முன்பு இது பூச்சி மருந்தாகப் பயன்பட்டது.

திரும்பி வரும் நோய்

இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. நன்றாகப் போனபின் திரும்பி வரும். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு முறையாவது திரும்பும். இது மருந்தின் தோல்வியும் இல்லை, தாயின் குற்றமும் இல்லை. வயது ஏற ஏறத் திரும்புவது குறையும். பிள்ளை பெரியவனாகும்போது பெரும்பாலும் நின்றுவிடும். அதுவரை பெற்றோர் காவல் இருக்க வேண்டும்.

வீக்கம் வரும் முன்பே சிறுநீரில் புரதம் வந்துவிடும். அதை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். கடையில் விற்கும் சோதனைக் காகிதத்தைச் சிறுநீரில் தொட்டு, நிறம் மாறுவதைப் பார்க்கலாம். அது விலை கூடுதல் என்றால், பிரைட் டாக்டரின் பழைய முறையே போதும்.

1. காலையில் முதல் சிறுநீரைச் சுத்தமான பாத்திரத்தில் பிடியுங்கள்.
2. கண்ணாடிச் சோதனைக் குழாயில் முக்கால் பங்கு ஊற்றுங்கள்.
3. குழாயைக் கிடுக்கியால் பிடித்து, மேல் பாகத்தை மட்டும் தீயில் சூடாக்குங்கள். குழாயின் வாய் யார் பக்கமும் இருக்கக் கூடாது. பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.
4. மங்கலானால் சில சொட்டு வினிகர் விடுங்கள். தெளிந்துவிட்டால் அது புரதம் இல்லை. தெளியாவிட்டால் புரதம்.
5. குழாய்க்குப் பின்னால் செய்தித்தாளைப் பிடியுங்கள். எழுத்துத் தெரிகிறதா என்று பாருங்கள்.

எழுத்து நன்றாகத் தெரிந்தால் புரதம் இல்லை. மங்கலாகத் தெரிந்தால் கொஞ்சம் உண்டு. எழுத்தே தெரியாவிட்டால் அதிகம். தயிர்போலக் கட்டி கட்டியாக நின்றால் மிக அதிகம்.

முதலில் ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் செய்து காட்டச் சொல்லுங்கள். பிறகு வீட்டில் செய்யுங்கள்.

அம்மாவின் நோட்டு

பார்த்ததை அன்றன்றே எழுதி வைக்க வேண்டும். ஒரு பழைய நோட்டு போதும். எழுத்து அழகாக இருக்க வேண்டியதில்லை. இதோ ஒரு மாதிரிப் பக்கம்.

ஜூன் 1 – எடை 15 கிலோ – தெளிவு – நன்றாக விளையாடினான்
ஜூன் 2 – எடை 15 கிலோ – மங்கல் – சளி பிடித்திருக்கிறது
ஜூன் 3 – எடை 15½ கிலோ – எழுத்துத் தெரியவில்லை
ஜூன் 4 – எடை 15½ கிலோ – கட்டி
ஜூன் 5 – எடை 16 கிலோ – கட்டி – ஆஸ்பத்திரிக்குப் போனோம்

தொடர்ந்து மூன்று நாள் எழுத்துத் தெரியாத அளவுக்குப் புரதம் இருந்தால் நோய் திரும்பிவிட்டது என்று பொருள். அப்போது டாக்டரிடம் போக வேண்டும். வீக்கமோ காய்ச்சலோ இருந்தால் மூன்று நாள் காத்திருக்க வேண்டாம்.

டாக்டர் பிள்ளையைப் பார்ப்பது சில நிமிடம். அம்மா பார்ப்பது முழு நாளும். அம்மாவின் நோட்டு டாக்டரின் கையில் போனால், முப்பது நாளையும் அவர் ஒரு பார்வையில் பார்த்துவிடலாம். மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ அது அவருக்கு உதவும்.

என்ன கொடுக்கலாம்?

வீட்டில் சமைக்கும் உணவையே கொடுக்கலாம். கஞ்சி, சோறு, பயறு, மீன், முட்டை, கீரை எல்லாம் நல்லது. ஒழுகும் புரதத்தை ஈடுகட்ட அளவுக்கு மீறிப் புரதம் கொடுக்க வேண்டாம். புரத மாவு டப்பா வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம்.

வீக்கம் இருக்கும்போது உப்பைக் குறையுங்கள். கருவாடு, பப்படம், ஊறுகாய், சிப்ஸ், மிக்சர் வேண்டாம். உப்புப் போட்டு வேகவைத்த மரச்சீனியும் கணக்கில் சேரும். தண்ணீரை எவ்வளவு குறைப்பது என்று டாக்டரைக் கேளுங்கள். நீர் போகும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். வீக்கம் இருந்தாலும் இரத்தக் குழாயில் நீர் குறைவாக இருக்கலாம். மேலும் நீரை இழுத்தால் ஆபத்து.

தடுப்பூசிகளைப் பற்றி டாக்டரிடம் சொல்லிப் போட வேண்டும். நிமோனியா தடுப்பூசி இவர்களுக்கு மிக முக்கியம். ஆனால் ஸ்டீராய்டு அதிகம் சாப்பிடும்போது சில ஊசிகளைத் தள்ளிப் போட வேண்டி இருக்கும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரங்கள்

காய்ச்சலோடு வயிற்று வலி வந்தால்.
மூச்சு வாங்கினால்.
நாள் முழுதும் சிறுநீர் மிகக் குறைவாகப் போனால், அல்லது சிவப்பாகப் போனால்.
ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால்.
தலைவலி, வலிப்பு, மயக்கம் வந்தால்.
வாந்தியால் மாத்திரை நிற்காமல் போனால்.
வீட்டிலோ பள்ளியிலோ யாருக்காவது அம்மை போட்டிருந்தால். ஸ்டீராய்டு சாப்பிடும் பிள்ளைக்கு அம்மை கடுமையாக வரும். அம்மை வரும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்தப் பக்கத்தை வீட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். பாட்டிக்கும் படித்துக் காட்டுங்கள்.

பதில் சொல்வோம்

1. காலையில் முகமும் சாயங்காலம் காலும் வீங்குவது ஏன்?
2. சிறுநீர் நுரைப்பது எதனால்?
3. வீக்கம் வற்றியதும் மாத்திரையை நிறுத்தலாமா? ஏன்?
4. மாதிரி நோட்டைப் பாருங்கள். நோய் திரும்பியதன் மூன்று நாள் எந்தத் தேதியில் முடிந்தது? அதற்குள் எடை எவ்வளவு கூடியது?
5. உங்கள் தெருவில் உள்ள ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸின் பெயரையும், அவர் வரும் நாளையும் கேட்டு எழுதுங்கள்.

எழுதிப் பழகுவோம்

சிறுநீரகம், புரதம், வீக்கம், வடிகட்டி, மாத்திரை, தேதி, எடை.

இந்த ஏழு சொற்களையும் வைத்து ஏழு வாக்கியங்கள் எழுதுங்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரருக்கு அவற்றைப் படித்துக் காட்டுங்கள்.